காலண்டரைக் காணவில்லை

முசிறித் தாலுகா அலுவலகத்துக்குப் புது வருஷம் ஜூலை முதல் தேதி பிறக்கிறது. சுவரில் தொங்கும் காலண்டர் ஜனவரியிலேயே மாறியிருக்கும். வரவு செலவுக் கணக்கு ஏப்ரலில் மாறியிருக்கும். சித்திரை முதல் நாள் கோயிலில் பஞ்சாங்கம் படித்திருப்பார்கள். நிலத்துக்கு மட்டும் பசலி. அறுவடையை ஒட்டி வரி வாங்குவதற்காக முகலாயர் காலத்தில் ஏற்பட்ட ஆண்டுக் கணக்கு அது. வெள்ளைக்காரன் அதை வைத்துக்கொண்டான், நாமும் விடவில்லை. ஆங்கில ஆண்டில் 590-ஐக் கழித்தால் பசலி வரும். ஜூன் முடியும்வரை 591-ஐக் கழிக்க வேண்டும். 2024 ஜூலையிலிருந்து 2025 ஜூன் வரை பசலி 1434. ஜமாபந்திக்கு வரும் அடங்கலும் சிட்டாவும் இந்த எண்ணைத் தலையில் சுமந்துதான் வரும்.

பழைய எழுத்தர்களுக்கு இந்தக் கழித்தல் விரல்நுனியில் இருந்தது. ஒரு மனுவைக் கையில் வாங்கினால் ஆங்கிலத் தேதி, தமிழ்த் தேதி, பசலி, நிதியாண்டு நான்கையும் யாரையும் கேட்காமல் எழுதிவிடுவார்கள். தபால் வந்த தேதி ஒன்று, தன்பதிவேட்டில் ஏறிய தேதி ஒன்று, அனுப்புகையில் போன தேதி ஒன்று. ந.க. எண்ணுக்குப் பக்கத்தில் ‘நாள்’ என்று போட்டு, 05.06.1987 என்று நடுவில் புள்ளி வைப்பார்கள். சாய்கோடு போடுவது பேங்க்காரர் பழக்கம், அரசு அலுவலகத்தில் புள்ளிதான். இந்தப் புள்ளி பின்னால் படுத்திய பாடு தனிக்கதை, அதற்கு வருகிறேன்.

பத்திரம் எழுதுபவர்கள் இன்னும் ஒரு படி மேலே. பழைய கிரயப் பத்திரங்களை எடுத்துப் பார்த்தால் முதல் வரியிலேயே ஆங்கில வருஷம், மாதம், தேதி, அதற்குச் சரியான தமிழ் வருஷத்தின் பெயர், மாதம், தேதி எல்லாம் நெளியாத கையெழுத்தில் நிற்கும். எதிரே பஞ்சாங்கம் திறந்து கிடக்கும். எழுதுகிறவருக்கு அது ஒத்துப்பார்க்கத்தான்.

தேதிக்கென்று அப்போது இருந்த இயந்திரம் தேதி முத்திரை ஒன்றே. மரக்கைப்பிடி, ரப்பர் பட்டை, ஓரத்தில் சின்னச் சக்கரங்கள். காலையில் வந்ததும் சக்கரத்தைத் திருப்புவது கடைநிலை ஊழியரின் முதல் வேலை. திருப்ப மறந்தால் நேற்றைய தேதி விழும். விழுந்தால் பேனாவால் திருத்திச் சுருக்கொப்பம் வைக்க வேண்டும். அந்த ரப்பர் பட்டையில் ஆண்டுகள் பத்துப் பன்னிரண்டுக்கு மேல் இருக்காது. கடைசி ஆண்டு தாண்டினால் முத்திரை செத்துப்போகும். ஆனால் அது சாகும் நாள் பட்டையிலேயே அச்சாகியிருந்தது. இண்டென்ட் போட்டுப் புதிது வாங்க அவகாசம் இருந்தது.

கணினி வந்து எதை மாற்றியது என்று கேட்டால் பலரும் டைப்ரைட்டரைச் சொல்வார்கள். என் கணக்கில் அது மாற்றியது தேதி தெரிந்த ஆளை. எழுத்தர் தலைக்குள் இருந்த தேதி ஒரு சின்னக் கோப்புக்குள் போயிற்று. அந்தக் கோப்பு எங்கே இருக்கிறது, யார் கொடுத்தது, எப்போது சாகும் என்பது அலுவலகத்தில் ஒருவருக்கும் தெரியாது.

இரண்டாயிரத்துக்குப் பிந்திய சில ஆண்டுகளில் முசிறி, தொட்டியம் பக்கம் ‘எக்ஸெல் தெரிந்தவர்’ என்று ஓர் ஆள் ஒவ்வொரு தெருவிலும் முளைத்தார். தட்டச்சு லோயர், ஹையர் முடித்துவிட்டு, தொழில்நுட்பக் கல்வித் துறை நடத்தும் சி.ஓ.ஏ. என்ற கணினித் தேர்வுக்குப் படித்தவர்கள் இவர்கள். தட்டச்சர் வேலைக்கு அந்தச் சான்றிதழ் அவசியம் என்று ஆனதால் தட்டச்சு நிலையங்களே கணினி வாங்கிப் போட்டிருந்தன. அந்தக் கூட்டத்தில் நானும் ஒருவன். நகைக்கடன் கொடுக்கும் சங்கங்கள், லாரிக்குப் பணம் கொடுக்கும் பைனான்ஸ்காரர்கள், கோரைப்பாய் வியாபாரிகள், வாழைத்தார் மண்டிக்காரர்கள் என்று எல்லாருக்கும் ஒரே தேவை. என்றைக்குக் கொடுத்தோம், என்றைக்கு வர வேண்டும், நாள் தாண்டினால் வட்டி எவ்வளவு? இதற்கு எக்ஸெல் போதும், மேலே கொஞ்சம் மேக்ரோ, அதாவது எக்ஸெலுக்குள்ளேயே எழுதும் சின்ன நிரல்.

அந்த மேக்ரோக்களில் ஆட்கள் கண்டு மகிழ்ந்தது காலண்டரைத்தான். தேதிக் கட்டத்தில் இரண்டு முறை சொடுக்கினால் சாம்பல் நிறத்தில் ஒரு மாதக் காலண்டர் எழும்பும். மேலே மாதமும் ஆண்டும் தேர்ந்தெடுக்க இரண்டு பெட்டி, கீழே நாட்கள். ஒரு நாளைத் தொட்டால் அது கட்டத்துக்குள் இறங்கும், காலண்டர் மறையும். எழுதுகிறவனுக்கு நாலே வரி வேலை. ஓட்டுகிறவருக்கோ இது சினிமா.

அழகுக்கு மேலே அதில் ஒரு காரியம் இருந்தது. இங்கே வாங்கும் அசெம்பிள் செய்த கணினிகளில் விண்டோஸைப் போட்டவர் இடம், மொழி அமைப்பைத் தொடாமல் விட்டிருப்பார். அது அமெரிக்காவிலேயே நிற்கும். எழுத்தர் 5/6/2009 என்று அடித்தால் எக்ஸெல் மே 6 என்று வாங்கிக்கொள்ளும். 15/6/2009 என்று அடித்தால் 15-ஆவது மாதம் கிடையாது என்பதால் தேதியாக ஏற்காமல் வெறும் எழுத்தாக இடப்பக்கம் ஒட்டி வைக்கும். மாதத்தின் முதல் 12 நாட்களில் தப்பு சத்தமில்லாமல் நடக்கும், 13-ஆம் தேதியிலிருந்துதான் கண்ணுக்குத் தெரியும். மேக்ரோ வழியாகப் போனால் இன்னொரு கோணல்: 15/6 என்ற எழுத்தை அது தானே திருப்பிப் போட்டு ஜூன் 15 ஆக்கிக்கொள்ளும், 5/6-ஐ மட்டும் மே மாதத்துக்கு அனுப்பிவிடும். ஒரே பேரேட்டில் பாதித் தேதிகள் சரி, பாதி தப்பு. நகைக்கடன் தவணையில் ஒரு மாதம் முன்னே பின்னே போனால் வாடிக்கையாளர் கவுண்டரிலேயே நின்று கேட்பார். அரசு அலுவலகத்துப் புள்ளி சேர்ந்தால் கேட்கவே வேண்டாம், 05.06.2009 என்பது இந்தியாவுக்கான அமைப்பிலும் எக்ஸெலுக்கு வெறும் எழுத்துதான். நாற்பது வருஷப் பழக்கத்தை ‘புள்ளி வைக்காதீங்க சார்’ என்று மாற்ற முடியுமா? காலண்டரைத் தொட வைத்துவிட்டால் புள்ளியும் இல்லை, கோடும் இல்லை. உள்ளே போவது சுத்தமான தேதி.

அந்தக் காலண்டர் எக்ஸெலுடையது அல்ல. எம்எஸ்கேல்.ஓசிஎக்ஸ் என்ற தனிக் கோப்பு. ஆபீஸ் தொகுப்பில் ஆக்சஸ் என்னும் தரவுத்தள மென்பொருளோடு ஒட்டிக்கொண்டு வந்தது. ஆக்சஸ் உள்ள புரொஃபெஷனல் பதிப்பில் இருக்கும், ஆக்சஸ் இல்லாத ஸ்டாண்டர்ட் பதிப்பில் இருக்காது. ஆபீஸ் 97-இல் 8.0, 2003-இல் 11.0, 2007-இல் 12.0 என்று பதிப்பெண் ஏறிக்கொண்டே போனது. ஆபீஸ் 2010-இல் மைக்ரோசாஃப்ட் அதை எடுத்தே விட்டது. முசிறிக்கு அந்தச் செய்தி பொடிநடையாகத்தான் வந்தது. விண்டோஸ் எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8-ஆம் தேதியோடு ஆதரவு முடிந்தபோதுதான் இங்கே பலர் பழைய பெட்டியைத் தூக்கிப்போட்டுப் புதியது வாங்கினார்கள். புதிய பெட்டியில் புதிய ஆபீஸ். பென்டிரைவில் பழைய கணக்கைக் கொண்டுவந்து திறந்தார்கள்.

பிறகு போன் வந்தது. இந்தக் கோளாறில் கெட்டிக்காரத்தனமான ஒரு குரூரம் உண்டு: தொலைந்தது காலண்டர், ஆனால் யாரும் காலண்டரைக் காணோம் என்று சொல்லமாட்டார்கள்.

“தம்பி, வட்டி போட மாட்டேங்குது.”

“என்னண்ணே சொல்லுது?”

“ஏதோ ப்ராஜெக்ட் இல்லை, லைப்ரரி இல்லைங்குது. நாம எங்க லைப்ரரி வச்சிருந்தோம்?”

திரையில் ‘கேன்ட் ஃபைண்ட் ப்ராஜெக்ட் ஆர் லைப்ரரி’ என்று நிற்கும். அதற்குக் கீழே நிரலில் நீலம் பூசி நிற்பதோ ‘ஃபார்மேட்’, ‘லெஃப்ட்’, ‘டேட்’ என்று காலண்டரோடு உறவே இல்லாத ஒரு சொல்லாக இருக்கும். எல்லாக் கணினியிலும் எப்போதும் இருக்கும் சாதாரணச் செயல்கள் அவை. மேக்ரோ தனக்கு வேண்டிய நூலகங்களை ஒரு பட்டியலில் வைத்திருக்கிறது. நூலகத்தின் பெயர் சொல்லிக் கூப்பிடாத எந்தச் சொல்லையும் அந்தப் பட்டியல் வரிசையில் தேடுகிறது. பட்டியலில் ஒன்று உடைந்திருந்தால் தேடல் அங்கேயே முட்டி நிற்கும், குற்றம் கையில் அகப்பட்ட சொல்லின்மேல் விழும். ஊர்ப் பஞ்சாயத்தில் திருடனை விட்டுவிட்டு, கேள்வி கேட்டவனைத் தூணில் கட்டுகிற மாதிரி. புதிதாகப் படித்துவந்த பிள்ளைகள் அந்த ‘லெஃப்ட்’ வரியை நாள் முழுக்கத் திருப்பித் திருப்பி எழுதியதைப் பார்த்திருக்கிறேன்.

உண்மை ஒரே இடத்தில் எழுதியிருக்கும். ஆல்ட்டும் எஃப்11-உம் அழுத்தி, டூல்ஸ் என்பதில் ரெஃபரன்சஸ் போனால் பட்டியலில் ஒரு வரி, ‘மிஸ்ஸிங்: மைக்ரோசாஃப்ட் காலண்டர் கன்ட்ரோல் 11.0’ என்று டிக் அடித்தபடி உட்கார்ந்திருக்கும். அந்த டிக்கை எடுத்தால் வட்டி போடும். காலண்டர் இருந்த படிவம் மட்டும் திறக்காது. அலுவலகம் அன்றைக்குப் பிழைக்கும். போனிலேயே இதைச் சொல்லி முடித்த காலம் உண்டு. “மிஸ்ஸிங்னு ஒண்ணு இருக்கான்னு பாருங்க” என்பது எங்கள் ஆட்களுக்கு டாக்டர் “நாக்கை நீட்டு” என்பது போலப் பழகிப்போயிற்று.

காலண்டர் திரும்ப வேண்டும் என்று கேட்டவர்களுக்குப் பழைய கணினியிலிருந்து அந்த ஓசிஎக்ஸ் கோப்பை எடுத்துவந்து புதியதில் போட்டு, ரெக்சர்வர் கட்டளையால் பதிவு செய்தோம். இதிலும் ஒரு பொறி. 64 பிட் விண்டோஸில் 32 பிட் கோப்பு போக வேண்டிய இடம் சிஸ்டம்32 அல்ல, சிஸ்வாவ்64. பெயரைப் பார்த்தால் நேர் எதிர். இரண்டு தலைமுறை மென்பொருளை ஒரு வீட்டில் குடிவைக்கப் பெயர்ப்பலகையை மாற்றாமல் விட்டதன் விளைவு. நிர்வாகி உரிமையில் கட்டளைத் திரையைத் திறக்காவிட்டால் பதிவும் ஆகாது. இந்தச் சின்னக் கோப்பு கிடைக்காதவர்கள் இணையத்தில் கண்ட இடத்தில் இறக்கி, கூடவே வைரஸையும் கூட்டிவந்தார்கள்.

சிலர் மாற்றாக டேட் பிக்கரைப் பிடித்தார்கள். அது 1998-இல் வந்த விசுவல் பேசிக் 6-இன் சொத்து, எம்எஸ்காம்சிடி2.ஓசிஎக்ஸ் என்ற கோப்பில் இருப்பது. பார்க்க நவீனமாக, இறங்குபெட்டி போல இருக்கும். அதுவும் 32 பிட்தான். ஆபீஸ் 2010-இல்தான் 64 பிட் பதிப்பு முதன்முதலில் வந்தது. அப்போது 32-ஐயே போடுங்கள் என்று மைக்ரோசாஃப்டே சொல்லிக்கொண்டிருந்தது. ஆபீஸ் 2019 வந்தபோது நிறுவினாலே 64 என்றாகிவிட்டது. 64 பிட் எக்ஸெலுக்குள் 32 பிட் காலண்டர் எந்த ரெக்சர்வராலும் உட்காராது. அங்கே வைத்தியம் முடிந்தது. இதற்கிடையில் 2014 டிசம்பரில் வந்த ஒரு பாதுகாப்புத் திருத்தத்தால் தாளில் வைத்த பொத்தான்களே செத்துப்போன கூத்தும் நடந்தது. டெம்ப் கோப்புறையில் ‘இஎக்ஸ்டி’ என்று முடியும் தற்காலிகக் கோப்புகளை அழித்தால் உயிர் வந்தது. அந்த வாரம் இந்தப் பக்கத்தில் பைக் பெட்ரோல் நிறையச் செலவானது.

இவ்வளவுக்கும் பிறகுதான் எங்களில் பலருக்கு உறைத்தது. காலண்டர் என்பது என்ன பெரிய காரியம்? ஏழு நாள், ஆறு வாரம், 42 பொத்தான். 31 நாள் மாதம் சனிக்கிழமை பிறந்தால் ஐந்து வரிசை போதாது. 2015 ஆகஸ்டு அப்படிப்பட்ட மாதம். காலண்டர் அச்சடிக்கும் சிவகாசிக்காரர்கள் அந்த மாதிரி மாதத்தில் 30, 31-ஐ மேல் வரிசையின் காலி இடத்தில் ஏற்றிவிடுவார்கள். பொத்தானில் அந்தச் சலுகை எடுக்க முடியாது, ஆறாவது வரிசை வேண்டும். ஒன்றாம் தேதி என்ன கிழமை என்று கேட்க ஒரு வரி. மாதம் எத்தனை நாள் என்பதற்கு, அடுத்த மாதத்தின் 0-ஆம் தேதியைக் கேட்க வேண்டும். மேக்ரோ மறுபேச்சில்லாமல் இந்த மாதக் கடைசி நாளைச் சொல்லும், பிப்ரவரி 29 உட்பட. இதெல்லாம் எக்ஸெலோடு எப்போதும் வரும் சாதாரணப் படிவப் பொத்தான்களால் செய்தது. வெளிக்கோப்பு கிடையாது, பதிவு கிடையாது, 32-ஆ 64-ஆ என்ற கேள்வி கிடையாது.

சொந்தமாகச் செய்ததில் கடையில் வாங்கியதற்கு இல்லாத ஒரு வசதியும் வந்தது. மைக்ரோசாஃப்ட் காலண்டருக்குப் பசலி தெரியாது. எங்கள் 42 பொத்தானுக்கு மேலே ஒரு சின்ன வரி சேர்த்தோம்: மாதம் ஏழோ அதற்கு மேலோ என்றால் 590, இல்லாவிட்டால் 591. நாளைத் தொட்டால் ஓரத்தில் ‘பசலி 1425’ என்று வரும். தாலுகா அலுவலகத்துக்கு மனு எழுதிக்கொடுக்கும் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, இதற்காகவே அந்தக் கோப்பைக் கேட்டு வாங்கிப்போனார். தமிழ் மாதத் தேதியையும் போடச் சொன்னார்கள். அது அவ்வளவு சுலபம் இல்லை. மாதப் பிறப்பு சூரியன் ராசி மாறும் நேரத்தைப் பொறுத்தது, அதைக் கணிப்பதில் வாக்கியப் பஞ்சாங்கமும் திருக்கணிதப் பஞ்சாங்கமும் ஒத்துப்போவதில்லை. இரண்டுக்கும் எவ்வளவு தூரம் என்பதற்கு 2023 சாட்சி: சனிப்பெயர்ச்சி திருக்கணிதப்படி ஜனவரி 17, வாக்கியப்படி டிசம்பர் 20. அந்த வம்பில் தலையிட மேக்ரோ எழுதுகிறவனுக்கு என்ன தகுதி? வருஷா வருஷம் பஞ்சாங்கத்தைப் பார்த்துப் பன்னிரண்டு மாதப் பிறப்புகளையும் ஒரு தாளில் தட்டி வைத்தோம், படிவம் அதைப் பார்த்துக்கொள்ளும்.

பத்திரம் பார்க்கும் வழக்கறிஞர் அலுவலகங்களில் வேறொரு சுவர் இருந்தது. எக்ஸெலின் காலம் 1900 ஜனவரி 1-இல்தான் தொடங்குகிறது. மூலப்பத்திரம் 1898-ஆம் ஆண்டுக்குரியது என்றால் கட்டம் அதைத் தேதி என்றே ஒப்புக்கொள்ளாது. அதோடு 1900 பிப்ரவரிக்கு 29 நாள் என்று அது இன்றைக்கும் சாதிக்கிறது. லோட்டஸ் 1-2-3 என்ற பழைய மென்பொருளில் இருந்த பிழையை, கோப்புகள் ஒத்துப்போக வேண்டும் என்று தெரிந்தே சுமந்துவந்தது. காவிரிக்கரை நிலத்தின் சரித்திரத்தை அந்தக் கட்டத்தில் எழுத முடியாமல் கடைசியில் ஆண்டை ஒரு பத்தி, மாதத்தை ஒரு பத்தி, நாளை ஒரு பத்தி என்று பிரித்துப்போட்டார்கள். பழைய எழுத்தர் பார்த்தால் சிரித்திருப்பார்.

இன்றைக்கு இந்த வேலையில் பெரும்பகுதி ஊரைவிட்டே போய்விட்டது. பத்திரப் பதிவு 2018-இல் ஸ்டார் 2.0 என்ற இணைய முறைக்கு மாறியது. பட்டா, சிட்டா, அடங்கல் எல்லாம் அரசு இணையதளத்தில். தேதியைப் பொத்தானில் தேர்ந்தெடுக்கிறோம், காலண்டர் உலாவிக்குள்ளேயே இருக்கிறது. அந்த முறைக்கு முகூர்த்தமும் தெரியும். நல்ல நாள் என்றால் ஒரு சார்பதிவாளர் உள்ள அலுவலகத்துக்கு 100-க்குப் பதில் 150 முன்பதிவு வில்லை என்று பதிவுத் துறை அறிவிப்பு வெளியிடுகிறது. பத்திரம் எழுதுபவர் பஞ்சாங்கத்தை மூடினார், அரசாங்கம் திறந்துகொண்டது.

எக்ஸெலில் மிச்சம் இருப்பவர்களுக்கு ஒவ்வொரு பூட்டாக விழுகிறது. 2022-இலிருந்து இணையத்தில் வந்த கோப்பின் மேக்ரோவை ஆபீஸ் ஓடவிடாது. வாட்ஸாப்பில் வந்ததை வலது சொடுக்கி, ப்ராப்பர்டீஸில் ‘அன்பிளாக்’ கொடுக்க வேண்டும். ஆபீஸ் 2024-இலும், 2025 ஏப்ரலிலிருந்து மைக்ரோசாஃப்ட் 365-இலும் பழைய காலண்டர் சேர்ந்த ஆக்டிவ்எக்ஸ் இனம் மொத்தமும் முன்கூட்டியே அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது. பழைய தாளில் வைத்த ஆக்டிவ்எக்ஸ் பொருள் சில கோப்புகளில் கண்ணுக்குத் தெரியும், ஆனால் படம் மட்டும், தொட்டால் அசையாது. பாதுகாப்புக்கு இது நியாயம்தான் என்பேன், அந்தக் கதவு வழியாகத் திருடர் நுழைந்தது நிறைய. ஆனால் தொடக் காலண்டர் இருக்கிறது, தொட்டால் தேதி இல்லை என்பதைக் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவருக்கு விளக்குவது சுலபமில்லை.

இளையவர்கள் கூகுள் ஷீட்டுக்குப் போய்விட்டார்கள். தேதிக் கட்டத்தில் இரண்டு முறை சொடுக்கினால் காலண்டர் விரிகிறது, எதையும் நிறுவ வேண்டாம், எந்தக் கணினியிலும் ஒன்றே. கைகாட்டிப் பக்கம் கோரைப்பாய் வியாபாரம் செய்பவர் ஒருவர் அண்மையில் அப்படி மாறினார். இரண்டு மாதம் ஒரு குறையும் சொல்லவில்லை. பிறகு போன்.

“தம்பி, இப்ப காலண்டர் எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. கணக்கையே காணோம்.”

ஷீட்டைப் போட்டுக்கொடுத்த பையன் தன்னுடைய ஜிமெயிலில் திறந்து வைத்திருக்கிறான். திருப்பூருக்கு வேலைக்குப் போனவன் போகிற போக்கில் கடவுச்சொல்லை மாற்றிவிட்டான். திருட்டுப் புத்தி இல்லை, போன் தொலைந்ததால் மாற்றியது. உரிமையை வியாபாரியின் பெயருக்கு மாற்றித்தரச் சொல்லியிருக்கிறோம். பையனுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் லீவு.